பார்க் ஸ்டேஷனில் பார்க் எங்கே?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காக எங்கள் வாட்ஸ்அப் குழுவில் திட்டம் ஓடிக்கொண்டிருந்தது. ஆறு பெரியவர்கள், இரண்டு குழந்தைகள், ஒரு ஜமுக்காளம், எலுமிச்சை சாதம். நிழலாக ஒரு இடம் வேண்டும், அவ்வளவுதான். செம்மொழிப் பூங்கா என்றால் கூட்டம் தாங்காது என்றார் ஒருவர். கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா என்றால் டிக்கெட், எட்டுப் பேருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்க என்றார் இன்னொருவர். அப்போதுதான் மதுரையிலிருந்து வேலைக்கு வந்து மூன்று மாதமே ஆன நண்பன் கேட்டான்: "சென்ட்ரலுக்கு எதிர்ல பார்க்னு ஒரு ஸ்டேஷனே இருக்கே? அங்க இறங்கினா பார்க் இருக்கும்ல?"

குழுவில் சிரிப்புப் பொம்மைகளாகக் கொட்டின. யோசித்துப் பார்த்தால் அவன் கேட்டதில் தப்பே இல்லை. மின்சார ரயிலுக்குச் 'சென்னை பூங்கா'. பறக்கும் ரயிலுக்குப் 'பூங்கா நகர்'. தபால்காரருக்குப் பார்க் டவுன், சென்னை 600003. இத்தனை பேர் வைத்த ஊரில் அந்தப் பூங்கா எங்கே என்று வெளியூர்க்காரன்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

இருந்தது. பெயர் பீப்பிள்ஸ் பார்க். இன்றைய சென்ட்ரலை ஒட்டி மேற்கிலும் வடக்கிலும் 116 ஏக்கர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நிர்வாகக் கையேடு அதன் கணக்கைத் துல்லியமாகச் சொல்கிறது: பதினொரு குளங்கள், ஐந்தரை மைல் பாதை. கூடவே பாண்டு வாத்திய மேடை, குளியல் துறை, டென்னிஸ் ஆடுகளம், மிருகக்காட்சிசாலை. ஐந்தரை மைல் என்பது, ஒரு நடை முழுதாக நடந்து முடித்தால் உங்கள் ஃபோன் பன்னிரண்டாயிரம் அடி என்று காட்டிப் பாராட்டும் தூரம்.

இதைத் தொடங்கிவைத்தவர் 1859இல் சென்னைக்கு ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன். விசித்திரமான ஆள். 1840களின் அயர்லாந்துப் பஞ்சத்தில் நிவாரணத்தை இறுக்கிப் பிடித்த அதிகாரி என்று அங்கே இன்றும் திட்டு வாங்குகிறார். அதே மனிதர் சென்னையில் கல்கத்தா அரசின் புதிய வரிகளைப் பகிரங்கமாக எதிர்த்து, அதற்காகவே 1860இல் திருப்பி அழைக்கப்பட்டார். ஓராண்டு சொச்சம்தான் இருந்தார். அதற்குள் வெள்ளையர் கோட்டை, கறுப்பர் பட்டணம் என்று பிரிந்துகிடந்த ஊரில், மக்களுக்கு என்று பெயரிலேயே சொல்லி ஒரு பூங்காவுக்கு வழிசெய்துவிட்டுப் போனார். அந்தப் பெயர் உள்ளபடியே பொருந்தியதா என்பது வேறு விஷயம். ஆனால் அதற்கு உள்ளே போக யாரும் ஆளுநரின் விருந்தாளியாக இருக்கத் தேவையில்லை.

கூட்டத்தை இழுத்தது மிருகங்கள்தான். எட்வர்ட் பால்ஃபர் 1855இல் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கிய மிருகக்காட்சிசாலை 1863இல் இங்கே வந்தது. ஊரிலிருந்து பட்டணம் பார்க்க வருபவர்களின் பயணத் திட்டம் அப்போதே தயாராகிவிட்டது: சென்ட்ரலில் இறங்கு, 'உயிர் காலேஜ்' பார், நடந்து போய் எழும்பூரில் 'செத்த காலேஜ்' பார். முன்னது மிருகக்காட்சிசாலை, பின்னது அருங்காட்சியகம். ஜனங்கள் வைத்த இந்த இரண்டு பெயர்களுக்கு ஈடாக எந்த நகராட்சித் தீர்மானமும் இதுவரை ஒரு பெயர் வைத்ததில்லை என்பது என் கட்சி.

ஆண்டு முடிவில் பூங்காவில் பெரிய பொருட்காட்சி நடக்கும். 1886 டிசம்பர் 31 அன்று அங்கே தீப்பிடித்தது. தீயிலும் நெரிசலிலும் நூற்றுக்கணக்கானோர் செத்துப்போனார்கள். அதில் பெண்களும் குழந்தைகளும் ஏராளம். இந்த நகரத்தின் மிகப் பெரிய விபத்துகளில் ஒன்று. இன்று அந்த இடத்தைக் கடந்துபோகும் லட்சக்கணக்கானோரில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஆனால் பூங்காவைத் தீ அழிக்கவில்லை. அது போனது வேறு விதமாக.

தீ விபத்து நடந்த சில ஆண்டுகளிலேயே பூங்காவின் முகப்பில் விக்டோரியா பப்ளிக் ஹால் எழுந்தது. நல்ல விஷயம்தானே. பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை நாடகம் போட்ட மேடை அது. பிறகு, பிராட்வேயில் தெருவை அடைத்துக்கொண்டிருந்த வியாபாரிகளுக்கு ஒரு இடம் வேண்டும் என்று மூர் மார்க்கெட், 1900இல் திறப்பு. அதுவும் நியாயம். பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, கிளி, முயல் என்று அங்கே கிடைக்காதது இல்லை. மாநகராட்சிக்கே ஒரு கட்டடம் வேண்டாமா? 1913இல் ரிப்பன் மாளிகை. விளையாட்டுக்கு? கார்ப்பரேஷன் ஸ்டேடியம். 1956 ஜனவரியில் வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் நியூசிலாந்துக்கு எதிராக முதல் விக்கெட்டுக்கு 413 ரன் அடித்தது இங்கேதான். அரை நூற்றாண்டு நின்ற உலக சாதனை. இன்றைய நேரு ஸ்டேடியம் 1993இல் வந்தது.

எங்கள் தொழிலில் இதை அடிக்கடி பார்ப்பேன். ஒவ்வொரு மாற்றமாக எடுத்துப் பார்த்தால் ரிவ்யூவில் எல்லாமே பாஸ். யாரும் குறை சொல்ல முடியாது. ஐந்து வருஷம் கழித்துத் திறந்து பார்த்தால், எதற்காக எழுதினோமோ அந்த மென்பொருள் உள்ளே இல்லை. பீப்பிள்ஸ் பார்க்கைத் தின்றவர்களில் ஒரு வில்லனைக்கூட என்னால் காட்ட முடியவில்லை. நாடகக் கொட்டகை, சந்தை, நகராட்சி, மைதானம், ரயில் எல்லாம் பொதுமக்களுக்குத்தான். பொதுமக்களின் இடத்தில் கை வைக்கத் தனியார்தான் வர வேண்டும் என்று ஒரு நினைப்பு நமக்கு இருக்கிறது. இந்த 116 ஏக்கரில் பெரும்பகுதி பொதுநன்மைக்காகவே போயிற்று. காலி நிலத்துக்கு ஒரு பயன் ஏற்கனவே இருக்கிறது, சும்மா உட்காருவது என்ற பயன், என்று எந்தக் கூட்டத்திலும் எடுத்துச் சொல்ல ஆள் இல்லாமல் போனதுதான் நடந்தது.

கடைசி அத்தியாயம் 1985. மே 30 அன்று மூர் மார்க்கெட் எரிந்தது. ரயில்வேக்கு அந்த இடம் தேவைப்பட்டது என்பதால் தீயைப் பற்றி ஊரில் ஆயிரம் பேச்சு. அங்கே புறநகர் ரயில் முனையம் வந்தது, பெயர் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ். கடைக்காரர்கள் பக்கத்தில் அல்லிக்குளம் வணிக வளாகத்துக்குப் போனார்கள். அந்தப் பெயரை ஒருமுறை நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். பூங்காவின் அல்லிக்குளம்தான் அது. பெயர் தங்கிவிட்டது, தண்ணீர் இல்லை. அதே ஆண்டு ஜூலையில் வண்டலூரில் புதிய உயிரியல் பூங்கா திறக்கப்பட்டது. புலிகளுக்கு அது நல்ல இடம், சந்தேகமில்லை. ஆனால் அன்றிலிருந்து உயிர் காலேஜுக்குப் போவது முப்பது கிலோமீட்டர்ப் பயணமாகிவிட்டது.

பார்க் ஸ்டேஷனில் இறங்கிப் போய்ப் பார்க்கத்தான் வேண்டும் என்பவர்களுக்கு என் யோசனை: ஞாயிறு காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள், வெயில் ஏறினால் அந்தச் சாலையில் ஒதுங்க மரம் குறைவு. சுரங்கப்பாதையில் சாலையைக் கடந்து, சென்ட்ரலை வலக்கையில் விட்டு மேற்கே நடந்தால் விக்டோரியா ஹால் வரும். அந்த வளாகத்தில் டிரெவெல்யன் நினைவாக ஒரு நீரூற்று இருக்கிறது. அடுத்தது ரிப்பன் மாளிகை. அதன் பின்புறம் ஸ்டேடியம், அதற்கும் பின்னால் மை லேடீஸ் கார்டன். முந்தைய தலைமுறைக்கு மலர்க் கண்காட்சியால் நினைவிருக்கும் இந்தத் தோட்டம்தான் பழைய பூங்காவின் எஞ்சிய துண்டு. நடந்ததெல்லாம் சேர்த்து இரண்டு கிலோமீட்டர் தேறாது.

பெங்களூரு கப்பன் பார்க்கைக் காட்டி "அவங்க எப்படிக் காப்பாத்திட்டாங்க பாருங்க" என்பது நம்மிடையே ஒரு பழக்கம். அங்கே 1975இல் பூங்காக்களைப் பாதுகாக்கச் சட்டம் போட்டார்கள். தமிழ்நாட்டில் பூங்கா, விளையாட்டுத்திடல், திறந்தவெளிகளுக்கான பாதுகாப்புச் சட்டம் 1959லேயே வந்துவிட்டது. பதினாறு ஆண்டு முன்னால்! கிண்டிக் காட்டிலிருந்து ஐஐடிக்கும் தலைவர்களின் நினைவகங்களுக்கும் நிலம் போனதும் ஏறத்தாழ அந்தக் காலத்தில்தான். மிஞ்சியதை 1978இல் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள்: 2.7 சதுர கிலோமீட்டர். அண்மையில் ஷெனாய் நகர் திரு.வி.க. பூங்கா மெட்ரோ வேலைக்காகப் பல ஆண்டுகள் மூடிக்கிடந்தது. அது திரும்பி வந்தது, சரி. ஆனால் இப்போது அதன் அடியில் ஒரு ரயில் நிலையம் இருக்கிறது.

அந்த 1959 சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு பகுதி உண்டு. ஒவ்வொரு உள்ளாட்சியும் தன் எல்லைக்குள் இருக்கும் பூங்காக்களையும் திறந்தவெளிகளையும் பட்டியல் போட வேண்டும் என்கிறது. உங்கள் பேட்டைப் பூங்கா பட்டியலில் உண்டா, எத்தனை சதுர அடி என்று தகவல் உரிமைச் சட்டத்தில் யாரும் கேட்கலாம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். எங்கள் தெருமுனைப் பூங்காவுக்காக நான் கேட்டு அனுப்பிப் பன்னிரண்டு நாள் ஆகிறது. பதில் தர அவர்களுக்கு முப்பது நாள் உண்டு.