மதியிறுக்கம் குறித்த ஆசிரியர் புரிதல்

மதியிறுக்கம் அல்லது ஆட்டிசம் என்பது பிறருடன் பழகுவதிலும் கருத்தைப் பரிமாறுவதிலும் வேறுபாடும், குறிப்பிட்ட செயல்களையே திரும்பத் திரும்பச் செய்யும் போக்கும் கொண்ட, மூளை வளர்ச்சி சார்ந்த ஒரு நிலை ஆகும். இந்நிலையுள்ள குழந்தையின் நடத்தைக்கு ஆசிரியர் கொள்ளும் பொருள் அதன் கல்வியைப் பெரிதும் பாதிக்கிறது. புதுச்சேரி மாவட்டத்தின் ஊரகக் கொம்யூன்களான வில்லியனூர், பாகூர் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். ஜிப்மர் மருத்துவமனை கோரிமேட்டில் உள்ளது. பாகூர்ப் பகுதியிலேயே கிருமாம்பாக்கத்தில் மருத்துவக் கல்லூரி உண்டு. ஆகவே தொலைவைவிட, குழந்தையை மருத்துவரிடம் காட்டுமாறு பெற்றோரிடம் எடுத்துச் சொல்ல ஒருவர் இருப்பதே முதன்மையானது. பெரும்பாலும் அவர் வகுப்பாசிரியராகவே இருக்க இயலும். நோயைக் கண்டறிந்து முடிவு கூறுவது அவர் பணியன்று.

பெயரும் குழப்பமும்

1943 இல் லியோ கானர் இந்நிலையை விரிவாக விவரித்தார். தமிழில் வழங்கும் பெயர்கள் ஓரளவு திசைதிருப்புவன. "மதி" என்ற சொல் இதனை அறிவுத்திறன் குறைபாடாக எண்ணச் செய்கிறது. நன்கு கணக்குப் போடும் மாணவருக்கும் மதியிறுக்கம் இருக்கலாம். "புற உலகச் சிந்தனையற்ற நிலை" என்னும் வழக்கும் அவ்வாறே. உண்மையில் இக்குழந்தைகளுள் பலர் புற உலகை மிகையாகவே உணர்கின்றனர். பள்ளி மணி அடிக்கும்போது காதைப் பொத்திக்கொள்வது அடம் அன்று. 2013 இல் வெளிவந்த அமெரிக்க உளமருத்துவக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு இத்தகைய புலனுணர்வு வேறுபாட்டையும் அறிகுறிகளுள் சேர்த்தது.

வகுப்பறையில்

கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வதும் தன்மை, முன்னிலை இடங்களை மாற்றிப் பேசுவதும் கானரே குறித்தவை. தமிழில் இது தனிச் சிக்கலாகிறது. "தண்ணீர் குடிக்கிறாயா?" என்று கேட்டுப் பழகிய குழந்தை, தனக்குத் தாகம் எடுக்கும்போதும் ஆசிரியரிடம் "தண்ணீர் குடிக்கிறாயா?" என்றே சொல்லக்கூடும். தமிழ் வினைமுற்றின் விகுதி இடத்தையும் மரியாதையையும் ஒருங்கே காட்டுவதால், இது கேலியாகவோ ஒருமையில் பேசும் துடுக்காகவோ கொள்ளப்படுகிறது. உண்மையில் அது ஒரு வேண்டுகோள். கண்ணைப் பார்த்துப் பேசாமை பணிவாகக் கருதப்பட்டு எவர் கவனத்துக்கும் வராமல் போவதும் உண்டு. பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாத குழந்தைக்குச் செவித்திறனையும் சோதிக்க வேண்டும்.

சட்டம்

1995 ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டத்தில் மதியிறுக்கம் இடம்பெறவில்லை. 1999 ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதனை ஏற்றது. 2016 ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளுள் ஒன்றாகச் சேர்த்தது. பள்ளி செல்லும் குழந்தைகளிடையே ஐந்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுக்கவும் அச்சட்டம் பணிக்கிறது. 2009 ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்துள்ளது.