திருத்திய பண்ணும் மீட்ட பண்ணும்

பழையதொரு பாட்டில் பிழை காணின் அதனைத் திருத்துவதா, அன்றிப் பிழையெனக் கண்ட நம் கண்ணையே ஐயுறுவதா? கத்தோலிக்கத் திருச்சபையின் இலத்தீன் வழிபாட்டிசையாகிய கிரெகோரியப் பாட்டின் வரலாற்றில் இவ்வினா இருமுறை எழுந்தது. இருமுறையும் எதிரெதிரான விடையே கிடைத்தது.

திரெந்து நகரப் பொதுச்சங்கம் 1563இல் முடிவுற்றபின் வழிபாட்டு நூல்கள் புதுக்கப்பட்டன. இசை ஏடுகளையும் செப்பஞ்செய்யுமாறு பாப்பரசர் பதின்மூன்றாம் கிரெகோரியார் 1577இல் பலஸ்திரீனா, சொய்லோ என்னும் இசைவாணர் இருவரைப் பணித்தார். இலத்தீன் இலக்கணப் புலமை ஓங்கியிருந்த காலம் அது. 'தோமினுஸ்' என்னும் சொல்லில் அழுத்தம் பெறுவது முதலசை, நடுவசை மெலிந்தது. பழம்பாட்டிலோ அத்தகைய மெலிந்த அசைமீதே சுரங்கள் பல கொடியெனப் படர்ந்து செல்வதுண்டு. ஏடெழுதினோர் அறியாமையால் புகுந்த வழு இது என்றே அக்காலப் புலவர் கருதினர். எதிர்ப்பு எழுந்தமையால் பணி இடையில் நின்றது. பின்னர் அனேரியோ, சொரியானோ இருவரும் முடித்த நூல் 1614, 1615ஆம் ஆண்டுகளில் உரோமையின் மெதிச்சி அச்சகத்தில் வெளிவந்தது. நீண்ட சுரத்தொடர்கள் அதில் வெட்டுண்டன. எஞ்சியவற்றுள் பல, அழுத்தமுடைய அசைக்கு மாற்றப்பெற்றன. இதன்வழி வந்த பதிப்புக்கே 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் நகரத்துப் புஸ்டெட் பதிப்பகம் முப்பதாண்டுத் தனியுரிமை பெற்றது.

பிரான்சில் 1833இல் மீண்டும் உயிர்பெற்ற சொலேம் மடத்துத் துறவிகள் வேறு நெறி சென்றனர். மிகப் பழைய சுவடிகளில் சொற்களின்மேல் சிறு குறிகளே உள்ளன. குரல் ஏறுவதையும் இறங்குவதையும் அவை காட்டும். எத்தனை படி என்பதைக் காட்டா. 1847இல் மொன்பெலியே நகரில் கண்டறியப்பட்ட 11ஆம் நூற்றாண்டுச் சுவடியொன்றில் அக்குறிகளோடு சுரத்தைச் சுட்டும் எழுத்துகளும் இருந்தமை பெருந்துணையாயிற்று. போத்தியே அடிகளாரின் பாட்டுநூல் 1883இல் வெளிவந்தது. மொக்கெரோ அடிகளார் 1889 முதல் சுவடிகளை ஒளிப்படமாகவே அச்சிட்டு உலகின்முன் வைத்தார். ஒரே ஒரு பாட்டுக்கு இருநூற்றுக்கும் மேற்பட்ட சுவடிகள்! பல நாட்டார், பல நூற்றாண்டுகளில் எழுதியவை. ஆயினும் அவற்றின் இசை பெரிதும் ஒத்திருந்தது. அத்தனை பேரும் ஒரே இடத்தில் தவறியிருத்தல் கூடுமோ? பாடவேறுபாடு ஆய்ந்து பழகிய தமிழாசிரியர்க்கு இவ்வாதத்தின் வலிமை சொல்லாமலே விளங்கும். 'வழு' எனப்பட்டதே மூலம்.

1903இல் பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் பழம்பாட்டை மீட்க ஆணையிட்டார். ஆயின் வென்றவர்க்குள்ளேயே பிணக்கு மூண்டது. மிகப் பழைய பாடமே வேண்டும் என்றார் மொக்கெரோ. பாடுவோர் நாவில் பல நூற்றாண்டு வாழ்ந்த மாற்றமும் மரபே என்றார் போத்தியே. பின்னவர் கூற்றை எளிதில் தள்ளிவிட இயலாது என்பது என் கருத்து. பொறுப்பும் அவரிடமே வந்தது. 1908இல் வத்திக்கான் பதிப்பு வெளியாயிற்று.

1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இப்பாட்டுக்கு முதலிடம் என உரைத்து, தாய்மொழி வழிபாட்டுக்கும் வழிதிறந்தது. கோயில்களில் இலத்தீன் பாட்டு அருகிற்று. சுவடி ஆய்வோ நிற்கவில்லை. சொலேம் துறவிகள் 1979இல் வெளியிட்ட பதிப்பில் அச்சிட்ட சுரங்களின் மேலும் கீழும் இருவகைப் பழஞ்சுவடிகளின் குறிகள் கையால் வரையப்பட்டுள்ளன. பதிப்பாசிரியர் கொண்ட பாடத்தையும் அதற்குரிய சான்றையும் பாடுவோர் ஒரே பக்கத்தில் காணலாம்.