துண்டும் கூலி வரம்பும்

இலங்கையில் கோப்பி அழிந்து தேயிலை பரவிய 1880களுக்குப் பின், ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க நிலையான ஆட்கள் தேவைப்பட்டதால், அட்டன், நுவரெலியாப் பகுதித் தோட்டத் துரைமார் தொழிலாளருக்காகத் தமக்குள் போட்டியிட்டனர். ஆயினும் அந்தப் போட்டி நாட்கூலியைப் பெரிதாக உயர்த்தவில்லை. காரணம் துண்டு முறை. தொழிலாளியின் பெயரிலுள்ள கடனைத் தீர்த்தால் அவரை விடுவிப்பதாகத் துரை எழுதிக்கொடுக்கும் சீட்டே துண்டு எனப்பட்டது. தமிழகத்திலிருந்து ஆட்களைத் திரட்டி வந்து, அவர்களுக்குத் தலைவராகவும் கடன் கொடுப்பவராகவும் விளங்கிய பெரிய கங்காணி, துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, கூடிய முற்பணம் தரும் தோட்டத்துக்குத் தம் கூட்டத்தை இட்டுச்செல்வார். போட்டியின் இலாபம் கங்காணியைச் சேர, அதன் சுமை கடனாகத் தொழிலாளியின் கணக்கில் ஏறியது.

அமெரிக்க பேஸ்பால் கழக முதலாளிகளும் 1879இல் இதையொத்த வழியொன்றைக் கண்டனர். ஒரு கழகம் தனக்கென ஒதுக்கிய வீரரை மற்றவை அமர்த்துவதில்லை என்னும் அந்த உடன்பாடு, நாளடைவில் எல்லா வீரரையும் கட்டிப்போட்டு, 1975 வரை நின்றது. அது தகர்ந்து சம்பளங்கள் ஏறிய பின்னர் முதலாளிகள் உச்சவரம்பு கேட்க, 1994இல் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அவ்வீரருக்கும் கொழுந்து பறிப்பவருக்கும் வருமானத்தில் ஒப்பீடே இல்லை. முதலாளிமார் தம் போட்டிக்குத் தாமே இட்ட கடிவாளந்தான் ஒன்று.

துண்டு 1921இல் சட்டத்தால் ஒழிந்தது. இந்திய அரசின் வற்புறுத்தலால் 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் குறைந்தபட்சக் கூலியை ஏற்படுத்த, 1929இல் மலைநாட்டின் உயர்பகுதியில் நாளொன்றுக்கு ஆணுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் சிறுவருக்கு 32 சதமும் நடைமுறைக்கு வந்தன. அதற்குக் கீழே கொடுக்கலாகாது என்றது சட்டம். மேலே கொடுக்கத் தோட்டங்கள் அவசரப்படவில்லையாதலால், அடிமட்டமே நடைமுறையில் உச்சமும் ஆயிற்று. தேயிலை விலை வீழ்ந்த 1930களின் தொடக்கத்தில் அத்தொகையும் வெட்டப்பட்டது. கூலி உயர்வு கோரிய முல்லோயாத் தோட்டப் போராட்டத்தில் 1940 ஜனவரியில் தொழிலாளி கோவிந்தன் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். ஆண், பெண் கூலி வேறுபாடு நீங்கியதோ 1984இல்தான்.

தோட்ட நிர்வாகம் 1992இல் தனியார் கம்பனிகளிடம் சென்ற பின், முதலாளிமார் சம்மேளனமும் தொழிற்சங்கங்களும் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தம் அக்கம்பனிகளின் தோட்டங்களுக்கு ஒரே கூலியை வகுத்தது. ஆயிரம் ரூபாய்க் கோரிக்கை வலுத்திருந்த 2019இலும் ஒப்பந்தம் தந்த அடிப்படைச் சம்பளம் 700 ரூபாயே. 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை வழியாக ஆயிரம் ரூபாய் வர்த்தமானியில் வெளியானபோது கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. தோட்டங்களிலோ, குறித்த கிலோ கொழுந்து எடுக்காதவருக்கு அரைப்பேர், அதாவது பாதிநாள் கூலி, போடப்படுவதாக முறைப்பாடுகள் எழுந்தன.