ஏரோட்டும் சிறுவனுக்கு எழுதிய ஆங்கிலம்

ஆங்கிலம் பேசுவோர் மேலதிகாரிகளைச் சற்றே ஏளனமாகக் குறிக்க வேண்டின் 'த பவர்ஸ் தற் பீ' என்பர். பணத்தை இகழ்ச்சியும் வேடிக்கையும் கலந்து சுட்டும்போது 'ஃபில்தி லூக்கர்' என்பர். அழுக்குப் படிந்த ஆதாயம் என்பது அதன் நேர்ப்பொருள். பிறர் செய்த குற்றத்தைத் தன் தலையில் சுமக்க நேர்ந்தவனை 'ஸ்கேப்கோற்' என்பர். இவற்றை நாள்தோறும் வழங்குவோரிற் பெரும்பாலார் அவை எங்கிருந்து வந்தன என்று எண்ணுவதில்லை. மூன்றும் நானூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆங்கிலத்தில் வழங்கி வருபவை. மூன்றையும் அம்மொழிக்கு அளித்தவர் ஒருவரே. சொற்களைத் தெரிந்தெடுத்த முறைக்காக அவர் உயிரையே விலையாகக் கொடுத்தார்.

வில்லியம் டின்டேல் ஏறக்குறைய 1494-ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் குளொஸ்டர் நாட்டுப்புறத்திற் பிறந்தவர். ஒக்ஸ்போட்டிற் கற்றவர், பன்மொழிப் புலவர். அக்காலத்து இங்கிலாந்தில் வேதநூல் இலத்தீனிலேயே ஓதப்பட்டது. ஆயரின் அனுமதியின்றி அதனை ஆங்கிலத்திற் பெயர்ப்பதும், அப்பெயர்ப்பை வைத்துப் படிப்பதும் குற்றம் என்று 1409-ஆம் ஆண்டில் விதித்த கட்டளை இன்னும் நடைமுறையில் இருந்தது. ஜெர்மன் மொழியில் 1466-ஆம் ஆண்டிலேயே வேதநூல் முழுவதும் அச்சேறிவிட்டது. ஆங்கிலத்திலோ ஓர் ஏடும் அச்சாகவில்லை. ஒருநாள் கற்றறிந்த குருவானவர் ஒருவரோடு வாதிட்ட டின்டேல், தமக்கு ஆயுள் இருந்தால் ஏரோட்டும் சிறுவனும் அவரினும் மிகுதியாக வேதநூலை அறியும்படி செய்வதாகச் சூளுரைத்தார் என்று ஜோன் ஃபொக்ஸ் என்னும் வரலாற்றாசிரியர் எழுதியுள்ளார்.

1523-ஆம் ஆண்டில் இலண்டன் ஆயர் கத்பேட் டன்ஸ்ரலிடம் ஆதரவு வேண்டிச் சென்றார், கிடைக்கவில்லை. மறு ஆண்டு ஜெர்மனிக்குக் கடல் கடந்தார். மீண்டும் தாய்நாட்டு மண்ணை மிதிக்கவில்லை. கொலோன் நகரில் அச்சுவேலை தொடங்கியபோது செய்தி வெளிப்பட்டது. அச்சிட்ட தாள்களை வாரிக்கொண்டு இரைன் நதி வழியே வேர்ம்ஸ் நகருக்குத் தப்பியோடினார். அங்கே 1526-ஆம் ஆண்டில் புதிய ஏற்பாடு ஆங்கிலத்தில் அச்சாகி, துணிப் பொதிகளுக்குள் மறைந்து இங்கிலாந்துத் துறைமுகங்களை அடைந்தது. அவ்வாண்டிலேயே இலண்டன் சென் போல் ஆலய முற்றத்தில் அந்நூல் எரியூட்டப்பட்டது. எரிப்பதற்கென்று ஆயர் டன்ஸ்ரல் ஒரு வணிகர் மூலம் பிரதிகளை விலைக்கு வாங்கினார் என்றும், அந்தப் பணமே டின்டேலுக்குத் திருத்திய பதிப்புக்கு முதலாயிற்று என்றும் எட்வேட் ஹோல் எழுதிய வரலாறு கூறுகிறது. கதை சற்று மிகையாகவும் இருக்கலாம். ஆயினும் கேட்கச் சுவையானது.

கற்றோர் பலர் கொண்ட கோபம், ஆங்கிலத்திற் பெயர்த்தார் என்பதனால் மட்டும் எழுந்ததன்று. இன்ன சொல்லுக்கு இன்ன சொல்லை இட்டார் என்பதனாலும் எழுந்தது. சேர் தோமஸ் மோர் 1529-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் மூன்று சொற்களை முதலில் எடுத்துக் கண்டித்தார். மூலநூலின் கிரேக்கச் சொல்லுக்குச் 'சேர்ச்' என்று எழுதாது 'கொங்கிறிகேசன்' என்று எழுதினார் டின்டேல். குருவைக் குறிக்கும் 'பிறீஸ்ற்' என்பதற்குப் பதிலாக 'சீனியர்' என்றார். 'சாரிற்றி' என்னுமிடத்தில் 'லவ்' என்றார். இவற்றோடு, 'பெனன்ஸ் செய்' என வழங்கிய இடத்தில் 'றிப்பென்ற்' என்று எழுதியதும் வழக்காயிற்று.

இவ்வேறுபாட்டின் கனத்தை ஆங்கிலம் அறியாத நேயரும் எளிதில் உணரலாம். சீர்திருத்தத் திருச்சபையாரின் தமிழ் வேதாகமத்தில் இவ்விடங்களில் 'சபை', 'மூப்பர்', 'அன்பு', 'மனந்திரும்புதல்' என்னும் சொற்களே காணப்படும். சபை என்றால் கூடிய மக்கள். அச்சொல்லில் மாளிகையும் இல்லை, ஆட்சிப்பீடமும் இல்லை. மூப்பர் என்றால் வயதிலும் மதிப்பிலும் மூத்தவர். அவர் பலிபீடத்தில் நிற்கும் குருவாக இருக்கவேண்டியதில்லை. மனந்திரும்புதல் உள்ளத்தில் நிகழ்வது. தவக்கடனோ குருவானவர் விதிக்க, ஒருவன் செய்து முடிப்பது. தமிழில் அமைதியாக வந்தமர்ந்த இச்சொற்கள் ஆங்கிலத்தில் ஒரு பேரமைப்பின் அடித்தளத்தையே அசைத்தன. மோர் அதனை நன்கு உணர்ந்தவர்; அவரை வெறும் பிடிவாதக்காரர் என்று ஒதுக்குவது நேர்மையாகாது. மக்கள் ஆயிரமாண்டுகளாக வழங்கிய பொருளே ஒரு சொல்லின் பொருள் என்பது அவர் கட்சி. மூலநூலை எழுதியவன் கருதிய பொருளே பொருள் என்பது டின்டேலின் கட்சி. மோரின் உயிர்நண்பர் இராஸ்மஸும் தம் இலத்தீன் பெயர்ப்பில் அதே 'சபை'ச் சொல்லை ஆண்டிருக்கிறாரே, அவரை ஏன் கண்டிக்கவில்லை என்று டின்டேல் திருப்பிக் கேட்டார். ஆயினும் 'சீனியர்' நல்ல ஆங்கிலம் அன்று என்பதை ஒப்புக்கொண்டு, 1534-ஆம் ஆண்டுப் பதிப்பில் 'எல்டர்' என்று மாற்றினார்.

1535-ஆம் ஆண்டு மே மாதத்தில், நண்பனாக நடித்த ஒருவன் காட்டிக்கொடுக்க, அன்ற்வேப் நகரில் டின்டேல் பிடிபட்டார். பிரசெல்ஸ் அருகேயுள்ள வில்வோட் கோட்டையில் ஓராண்டுக்கு மேலாகச் சிறையிருந்தார். அங்கிருந்து இலத்தீனில் எழுதிய கடிதம் ஒன்று இன்றும் உள்ளது. குளிருக்கு ஒரு தொப்பி, கிழிந்த உடைக்கு ஒட்டுப்போடத் துணி, மாலைப்பொழுதில் ஒரு விளக்கு ஆகியவற்றை அதிற் கேட்கிறார். இவற்றிற்கெல்லாம் மேலாக, எபிரேய வேதநூலும் எபிரேய இலக்கணமும் எபிரேய அகராதியும் வேண்டுமென்று மன்றாடுகிறார். 1536-ஆம் ஆண்டு அக்டோபரில் கழுத்து நெரிக்கப்பட்டு எரிக்கப்பட்டார். அவரை எதிர்த்த மோர், அரசனைத் திருச்சபைத் தலைவனாக ஏற்க மறுத்து, முந்திய ஆண்டிலேயே தலை வெட்டுண்டு மாண்டிருந்தார்.

பின்னர் நடந்தது விந்தை. மறு ஆண்டே, டின்டேலின் பெயர்ப்பைப் பெரும்பகுதியாகக் கொண்ட ஒரு வேதநூல், வேறு பெயர் தாங்கி, அரசனின் அனுமதியோடு வெளிவந்தது. 1539-இல் கோயில்தோறும் ஆங்கில வேதநூல் வைக்கப்பட்டது. 1611-இல் ஜேம்ஸ் மன்னர் காலத்துப் புகழ்பெற்ற பெயர்ப்பு வந்தபோது, அதன் புதிய ஏற்பாட்டிற் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் டின்டேலின் சொற்களே என்று 1998-இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. எனினும் 'சேர்ச்' என்பதைக் 'கொங்கிறிகேசன்' எனப் பெயர்க்கலாகாது என்று அப்புலவர்களுக்கு மன்னர் தரப்பில் விதியே வகுக்கப்பட்டிருந்தது. அந்த ஒரு சொல்லில் மோர் வென்றார் எனலாம்.

ஏரோட்டும் சிறுவனை நினைந்து எழுதியமையால் டின்டேலின் நடையிற் சந்தைப் பேச்சின் வாடை உண்டு. யோசேப்பு என்னும் இளைஞனை அவர் 'லக்கி ஃபெலோ' என்கிறார். அதிர்ஷ்டக்காரப் பயல் என்று தமிழிற் கொள்ளலாம். 1611-இன் புலவர்கள் அதை மாற்றிச் செழிப்புற்ற மனிதன் என்றாக்கினர். வேதநூற்றொடர்கள் யாவும் அவர் ஆக்கியவை என்று கொள்ளவும் கூடாது. நல்லவரும் எளியவருமானோரை ஆங்கிலத்தில் 'பூமியின் உப்பு' என்பது அவருக்கு முன்பே, பதினான்காம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பெயர்ப்பிலேயே காணப்படுவது. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கும் தமிழன் அதைக் கேட்டால் நன்றியைப் பற்றிய பேச்சு என்றே கருதுவான். மரபுத்தொடர் எல்லை தாண்டும்போது நேர்கின்ற இடர் இதுவே.

ஆக்கியவன் கருதிய பொருளிலேயே தொடர்கள் நிற்பதில்லை என்பதற்கு நல்ல சான்று, 'தமக்குத் தாமே சட்டம்' என்று பொருள்படும் தொடர். எழுதப்பட்ட நியாயப்பிரமாணம் இல்லாத மக்களும் இயல்பாகவே அறநெறியில் நடப்பார்களாயின் அவர்களே தமக்குச் சட்டம் என்று, பாராட்டாகவே அது மூலத்தில் நிற்கிறது. இன்றைய ஆங்கிலத்தில் அது வசை. எவருக்கும் அடங்காதவனைக் குறிப்பது. 'லெற்' என்னும் சிறு சொல்லுக்கு டின்டேல் காலத்தில் 'தடு' என்ற பொருளும் இருந்தது. இன்று 'விடு' என்பதே பொருள். பழம்பொருள் பிரித்தானியக் கடவுச்சீட்டின் வாசகத்திலும், டெனிஸ் ஆட்டத்திற் பந்து வலையிற் பட்டுத் தடைப்படும்போது எழும் குரலிலும் ஒளிந்திருக்கிறது. 'சாரிற்றி' என்னும் சொல்லோ அன்பு என்ற பொருளை இழந்து பிச்சையும் தருமமுமாகச் சுருங்கியது. 1611-இன் புலவர்கள் அன்பைப் பாடும் புகழ்பெற்ற அதிகாரத்தில் அதையே மீட்டிருந்தனர். 1881-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் டின்டேலின் 'லவ்' திரும்பி வந்தது. மூன்றரை நூற்றாண்டு கழித்து!

'ஸ்கேப்கோற்' என்பதன் கதை இன்னும் விசித்திரமானது. எபிரேயர் சடங்கொன்றில் இரு வெள்ளாட்டுக் கடாக்கள் கொண்டுவரப்படும். ஒன்று பலியிடப்படும், மற்றொன்றின் தலைமேல் மக்களின் பாவங்களைச் சுமத்தி, உயிரோடு வனாந்தரத்துக்குத் துரத்திவிடுவர். அவ்விடத்தில் வரும் 'அசாசேல்' என்னும் எபிரேயச் சொல்லைப் போய்விடும் ஆடு என்று பிரித்துப் பொருள்கொண்ட டின்டேல், 1530-இல் 'தப்பியோடும் ஆடு' என்று ஒரு புதுச்சொல்லை ஆக்கினார். பிற்கால அறிஞர் பலர் அசாசேல் ஒரு பெயரே என்பர். 1885-ஆம் ஆண்டுத் திருத்தம் அப்பெயரையே மூலத்தில் இட்டது. அதற்குள் சொல் வேதநூலை விட்டு வெளியேறி வீதிக்கு வந்துவிட்டது. அதை எவர் திருத்துவது? தமிழில் இக்கருத்துக்குப் 'பலிக்கடா' என்கிறோம். அது சடங்கில் வெட்டுண்ட முதல் ஆட்டைக் குறிக்குமே அன்றி, பழி சுமந்து காட்டுக்குப் போன இரண்டாவது ஆட்டை அன்று.

வேர்ம்ஸ் நகரில் அச்சிட்ட அந்த முதற்பதிப்பின் பிரதிகளில் எரிந்தவை போக இன்று அறியப்படுவன மூன்றே. ஒன்றனை 1994-ஆம் ஆண்டில் பிரித்தானிய நூலகம் பத்து இலட்சம் பவுண் கொடுத்து வாங்கியது. மற்றொன்று 1996-இல் ஜெர்மனியின் ஸ்ருட்காட் நகரத்து நூலகமொன்றில் அடையாளம் காணப்பட்டது. மூன்றனுள் தலைப்பேடு தப்பியிருப்பது அதில் மாத்திரமே. அந்த ஏட்டிற் பெயர்த்தவர் பெயர் இல்லை.