இரண்டு பணிநீக்கங்கள்: பாஸ்டன் 1919, வாஷிங்டன் 1981

கால்வின் கூலிட்ஜையும் ரொனால்ட் ரீகனையும் இணைத்துப் பேசுவது அமெரிக்க அரசியல் எழுத்தில் பழகிப்போன ஒன்று. மாசசூசெட்ஸ் ஆளுநராக இருந்த கூலிட்ஜ், வேலைநிறுத்தம் செய்த பாஸ்டன் காவலர்களைத் திரும்பச் சேர்க்க மறுத்தார். அந்தப் பெயரே அவரைத் துணை அதிபராக்கி, பிறகு வெள்ளை மாளிகைக்கும் கொண்டுபோனது. ரீகன் பதவியேற்றதும் அமைச்சரவை அறையிலிருந்த ட்ரூமனின் படத்தை இறக்கிவிட்டுக் கூலிட்ஜின் படத்தை மாட்டவைத்தார். சில மாதங்களில் 11,345 வான்வழிப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களை வேலையைவிட்டு நீக்கினார். ஆட்சியாளர்களை ஒப்பிட்டால் கதை இவ்வளவு எளிதாக முடிந்துவிடுகிறது. வேலை இழந்தவர்களை அருகருகே நிறுத்திப் பார்ப்பது கடினம். ஏனென்றால் முதல் பார்வையில் அவர்களுக்குள் ஒற்றுமையே தெரிவதில்லை.

பாஸ்டன் காவலர் வாரத்துக்கு 73 மணி நேரம் முதல் 98 மணி நேரம் வரை வேலை பார்த்தார். சீருடையைச் சொந்தக் காசில் வாங்கினார். எலியும் கரப்பானும் ஓடும் காவல் நிலையங்களில் இரவு தங்கினார். 1981இன் கட்டுப்பாட்டாளரோ சராசரியாக ஆண்டுக்கு 33,000 டாலர் வாங்கினார்; சாதாரண அமெரிக்கத் தொழிலாளியின் வருமானத்தைப் போல் இது ஏறக்குறைய இரண்டு மடங்கு. அவர்களுடைய சங்கமான பாட்கோ, அதற்கு மேல் 10,000 டாலர் ஊதிய உயர்வும் வாரத்துக்கு 32 மணி நேர வேலையும் கேட்டது. முன்னவர்கள் வயிற்றுக்காகப் போராடினார்கள், பின்னவர்கள் வசதிக்காகப் போராடினார்கள் என்று முடிவுகட்டத் தோன்றும். 1981இல் அமெரிக்கர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் முடிவுகட்டினார்கள். அந்த முடிவு அவசரமானது என்பது என் கருத்து.

விலைவாசியைக் கவனிப்போம். 1914க்கும் 1920க்கும் இடையில் அமெரிக்காவில் பொருள்களின் விலை ஏறக்குறைய இரண்டு மடங்கானது. 1970களில் தொடங்கிய இரண்டாவது ஏற்றம் 1980இல் 13.5 சதவீதத்தைத் தொட்டது. விலையேற்றம் எல்லோரையும் சமமாகத் தாக்குவதாகச் சொல்வார்கள். இரண்டு காலங்களிலும் அது அப்படி நடக்கவில்லை. சம்பளத்தை விலையோடு ஓடவைக்கும் வழி கைவசம் இருந்த தொழிலாளர்கள் ஒருபக்கம், இல்லாதவர்கள் மறுபக்கம் என்று அது உழைப்பவர்களுக்குள்ளேயே ஒரு கோடு கிழித்தது. 1919 ஏப்ரலில் நியூ இங்கிலாந்தின் தொலைபேசி இயக்குநர்களான பெண்கள் வேலைநிறுத்தம் செய்து சில நாள்களிலேயே ஊதிய உயர்வு பெற்றார்கள். ஜூலையில் பாஸ்டன் டிராம் தொழிலாளர்களும் அப்படியே செய்து வென்றார்கள். அவர்களைக் காவல் காத்தபடி தெருவில் நின்றவருக்கு அந்த வழி இல்லை. 1970களின் பிற்பகுதியிலும் இதே கோடுதான். பெரிய தனியார் சங்க ஒப்பந்தங்களுக்கு உட்பட்ட தொழிலாளர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு விலைவாசியோடு தானாக ஏறும் அகவிலைப்படி இருந்தது. கூட்டாட்சி அரசின் ஊழியருக்கோ அதிபர் கார்ட்டர் 1978இல் ஊதிய உயர்வை 5.5 சதவீதத்தில் நிறுத்திவைத்தார்.

ஆகவே சம்பளம் எவ்வளவு என்பதைவிட, அது எந்தத் திசையில் போகிறது என்பதே இரண்டு இடங்களிலும் கோபத்தைத் தீர்மானித்தது. இங்கே எதிர்பாராத உறவு ஒன்று வெளிப்படுகிறது. பாஸ்டன் காவலர்களில் பெரும்பாலோர் ஐரிஷ் கத்தோலிக்கர்கள். மூட்டை தூக்கிய தலைமுறைக்கு அடுத்த தலைமுறை. காவலர் வேலை அவர்கள் குடும்பத்துக்கு வந்த முதல் கௌரவம். கட்டுப்பாட்டாளர்களில் பெரும்பாலோர் ராணுவத்தில் இருந்து வந்தவர்கள். பலர் வியட்நாம் போர்க்காலத்தில் பணியாற்றியவர்கள். கல்லூரிப் பட்டம் இல்லாதவர்கள். பட்டம் இல்லாமல் நடுத்தர வர்க்கத்துக்குள் நுழைய அமெரிக்கா வைத்திருந்த வாசல்களில் அந்த வேலையும் ஒன்று. இரு சாராரும் ஒரே ஏணியின் நடுப்படியில் நின்றார்கள். ஏறிவிட்டோம் என்று நம்பியவர்களுக்குப் படி நழுவுவது, கீழே நிற்பவர்களின் வறுமையைப் போலவே உக்கிரமான கோபத்தைத் தரும். வர்க்க அரசியலை முதலாளி, தொழிலாளி என்ற இரண்டே பெயர்களால் எழுதுகிறவர்கள் இந்த நடுப்படியைக் கணக்கில் எடுப்பதில்லை.

அடுத்த ஒற்றுமை நிர்வாக ஏற்பாட்டில் இருக்கிறது. அதிகம் பேசப்படாவிட்டாலும் எனக்கு இதுவே மிகச் சுவையானது. பாஸ்டன் காவலருக்குச் சம்பளம் கொடுத்தது நகராட்சி. அவரை ஆண்டது மாநில ஆளுநர் நியமித்த ஆணையர். 1885இல் ஹியூ ஓ'பிரையன் பாஸ்டனின் முதல் ஐரிஷ் மேயராகப் பொறுப்பேற்றார். அதே ஆண்டில் மாநிலச் சட்டமன்றம் நகரக் காவல்துறையின் கட்டுப்பாட்டைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டது. வாக்கு பலம் ஐரிஷ் கைக்குப் போனபோது தடி மட்டும் பழைய யாங்கி மேட்டுக்குடியின் கையில் தங்கிவிட்டது. அதனால் 1919இல் மேயர் ஆண்ட்ரூ பீட்டர்ஸ் சமரசம் செய்ய விரும்பியும் அவரிடம் அதிகாரம் இல்லை. ஆணையர் எட்வின் கர்ட்டிஸுக்கு அதிகாரம் இருந்தும் சமரசத்தில் விருப்பம் இல்லை. 1981இலும் இதே பிளவு, வேறு உருவில். கட்டுப்பாட்டாளர்களை ஆண்டது கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகம்; சம்பளத்தை நிர்ணயித்தது அமெரிக்கப் பேரவை. பேரம் பேச எதிரே உட்கார்ந்திருந்தவரால் அதிகபட்சம் பரிந்துரைக்கத்தான் முடியும். போக்குவரத்து அமைச்சர் ட்ரூ லூயிஸ் ஜூன் மாதத்தில் அப்படி ஒரு பரிந்துரைக்கு ஒப்புக்கொண்டார். அதையே சங்க உறுப்பினர்கள் 95 சதவீத வாக்குகளால் தள்ளினார்கள்.

ஏன் தள்ளினார்கள்? பாஸ்டனில் ஏன் வேலைநிறுத்தத்துக்கு 1,134 பேர் ஆதரவாகவும் இரண்டே பேர் எதிராகவும் வாக்களித்தார்கள்? இரு தரப்பிலும் ஒரு முன்னுதாரணம் தைரியம் கொடுத்திருக்க வேண்டும். 1918இல் சின்சினாட்டி காவலர்கள் வேலைநிறுத்தம் செய்தும் திரும்பச் சேர்க்கப்பட்டார்கள். 1970 மார்ச்சில் ஏறக்குறைய 2,00,000 அஞ்சல் ஊழியர்கள் சட்டத்தை மீறி வேலையை நிறுத்தினார்கள். நிக்சன் நியூயார்க்குக்கு ராணுவத்தை அனுப்பினார், ஆனால் அவர்களை வேலையைவிட்டு நீக்கவில்லை, ஊதியமும் உயர்ந்தது. பாட்கோவுக்கு இதைவிட நெருக்கமான நம்பிக்கையும் இருந்தது: 1980 தேர்தலில் அது ரீகனையே ஆதரித்தது. தங்கள் குறைகளைத் தீர்ப்பதாக அவர் சங்கத் தலைவர் ராபர்ட் போலிக்கு எழுதிய கடிதம் கையில் இருந்தது. ரீகனும் நடிகர் சங்கத் தலைவராக 1960இல் வேலைநிறுத்தம் நடத்தியவர்.

இங்கே இரண்டு கதைகளும் எதிரெதிராகத் திரும்புகின்றன. பாஸ்டனில் எல்லாம் மெதுவாக நடந்தது. செப்டம்பர் 9 மாலை 1,117 காவலர்கள் நிலையங்களைவிட்டு வெளியேறினார்கள். அன்றிரவே கடைகள் சூறையாடப்பட்டன. நகரிலிருந்த மாநிலக் காவல் படையை முதலில் இறக்கியது மேயர்தான். கூலிட்ஜ் இரண்டு நாள் காத்திருந்து, கொந்தளிப்பு அடங்கிவரும் வேளையில் களத்துக்கு வந்து பெயரைத் தட்டிச் சென்றார். பொதுப் பாதுகாப்புக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்யும் உரிமை யாருக்கும், எங்கும், எப்போதும் இல்லை என்று தொழிற்சங்கத் தலைவர் சாமுவேல் காம்பர்ஸுக்கு அவர் அனுப்பிய தந்தி நாடெங்கும் அச்சானது. ரீகனோ ஆகஸ்ட் 3 காலையில், வேலைநிறுத்தம் தொடங்கி நான்கு மணி நேரம் ஆவதற்குள், 48 மணி நேரக் கெடு விதித்துவிட்டார். வேலைநிறுத்தத்தைச் சமாளிப்பதற்கான மாற்று ஏற்பாடுகள் கார்ட்டர் ஆட்சியிலேயே தொடங்கியிருந்தன. பாஸ்டனில் காவலர்கள் சில நாள்களிலேயே காம்பர்ஸின் வேண்டுகோளை ஏற்றுத் திரும்ப முன்வந்தார்கள், கதவு சாத்தப்பட்டது. வாஷிங்டனில் கதவு இரண்டு நாள் திறந்தே கிடந்தது. ஆயிரத்துச் சொச்சம் பேர் தவிர யாரும் திரும்பவில்லை.

சக தொழிலாளர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் இரண்டும் மீண்டும் சேர்ந்துகொள்கின்றன. பாஸ்டனில் நகரத் தொழிற்சங்கப் பேரவை பொது வேலைநிறுத்தம் பற்றி ஆலோசித்துக் கைவிட்டது. 1981இல் விமானிகளும் இயந்திரப் பணியாளர்களும் வழக்கம்போல் வேலைக்குப் போனார்கள். செப்டம்பர் 19 அன்று வாஷிங்டனில் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் ஊர்வலம் போனார்கள். விமான நிலையங்களில் எந்த மாற்றமும் இல்லை. நீக்கப்பட்டவர்களின் இடத்தில் யார் வந்து நின்றார்கள் என்பதில்தான் காலத்தின் வேறுபாடு தெரிகிறது. பாஸ்டனில் ஹார்வர்டு தலைவர் லோவெல்லின் அழைப்பைக் கேட்டு மாணவர்கள் தடி ஏந்தித் தெருவுக்கு வந்தார்கள். வர்க்கம் முகம் காட்டி நின்றது. 1981இல் திரைகளுக்கு முன் அமர்ந்தவர்கள் மேற்பார்வையாளர்கள், வேலைநிறுத்தத்தில் சேராதவர்கள், ராணுவக் கட்டுப்பாட்டாளர்கள். கருங்காலி என்று யாரைச் சொல்வது என்றே அங்கே குழப்பம். இந்தத் தெளிவின்மையே ரீகனுக்குப் பெரிய பலமாக அமைந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

இரண்டு பணிநீக்கங்களுக்கும் பின்னால் மத்திய வங்கி வந்தது. 1920 ஜூனில் நியூயார்க் பெடரல் ரிசர்வ் வட்டியை 7 சதவீதமாக்கியது. விலைகள் சரிந்தன, வேலைகளும் சரிந்தன. 50 லட்சமாக இருந்த சங்க உறுப்பினர் எண்ணிக்கை 1923க்குள் 36 லட்சம் அளவுக்கு இறங்கியது. 1981இல் பெடரல் ரிசர்வ் தலைவர் பால் வோல்க்கரின் காலத்தில் குறுகிய கால வட்டி 19 சதவீதத்தை எட்டியது. 1982 இறுதியில் வேலையின்மை 10.8 சதவீதம், 1983இல் பணவீக்கம் 3.2 சதவீதம். பணவீக்கத்தை வீழ்த்தியது வட்டியும் வேலையின்மையும்தான். ஆனாலும் பணவீக்கத்துக்கு எதிராக ரீகன் அரசு செய்தவற்றில் மிக முக்கியமான காரியம் கட்டுப்பாட்டாளர்களின் வேலைநிறுத்தத்தை முறியடித்ததே என்று வோல்க்கர் பிற்காலத்தில் சொன்னார். விலைவாசியைக் காரணம் காட்டிச் சம்பளம் கேட்டவர்களின் தோல்வி, விலைவாசிக்கு மருந்தாகப் பதிவானது. சம்பளம் கேட்டால் வேலையே போகும் என்ற செய்தி ஒவ்வொரு பேர மேசைக்கும் போய்ச் சேர்ந்தது என்பதே இதன் பொருள்.

அந்தச் செய்தி யாரைச் சென்றடைந்தது என்பதில்தான் இந்த ஒப்பீட்டின் மிகப் பெரிய வியப்பு இருக்கிறது. இரண்டும் அரசு ஊழியர் வேலைநிறுத்தங்கள். பாஸ்டனின் அடி அரசு ஊழியர் மேலேயே விழுந்தது. அந்நாளில் 37 நகரங்களில் காவலர் சங்கங்கள் அமெரிக்கத் தொழிலாளர் கூட்டமைப்பில் சேர்ந்திருந்தன. அந்த அலை அடங்கியது. பாஸ்டன் காவலருக்கு மறுபடி சங்கம் வாய்க்க 1965 வரை ஆனது. தனியார் ஆலைத் தொழிலாளர்களோ 1930களில் வரலாறு காணாத அளவில் சங்கம் கண்டார்கள். 1981இல் நடந்தது இதற்கு நேர்மாறு. அரசு ஊழியர்களின் சங்கப் பங்கு 1983இல் 37 சதவீதம் அளவில் இருந்து பல பத்தாண்டுகள் பெரிதாகக் குறையவில்லை. தனியார் துறையிலோ 16.8 சதவீதத்திலிருந்து இன்று 6 சதவீதம் அளவுக்குத் தேய்ந்துவிட்டது. வேலைநிறுத்தம் செய்வோரின் இடத்தில் நிரந்தரமாக வேறு ஆள்களை எடுக்கலாம் என்று 1938லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. முதலாளிகள் அதைப் பெரும்பாலும் பயன்படுத்தத் தயங்கினார்கள். 1983இல் அரிசோனாவின் பெல்ப்ஸ் டாட்ஜ் செப்புச் சுரங்கங்களில் அந்தத் தயக்கம் தீர்ந்துபோனது. ஆயிரம் பேருக்கு மேல் பங்கேற்கும் வேலைநிறுத்தங்கள் 1974இல் 424, 1988இல் 40.

கடைசியாக, காலி இடங்களுக்கு வந்தவர்கள். பாஸ்டனில் புதிதாகச் சேர்ந்த காவலருக்குத் தொடக்கச் சம்பளம் 1,400 டாலர், சீருடை இலவசம்: வெளியேறியவர்கள் கேட்டவற்றில் பெரும்பகுதி கையில் வந்தது, சங்கம் மட்டும் வரவில்லை. கட்டுப்பாட்டாளர்கள் விஷயத்தில் நடந்தது மறுபடியும் தலைகீழ். புதியவர்களுக்கு 32 மணி நேர வாரம் கிடைக்கவில்லை. ஆறு நாள் வேலைதான் கிடைத்தது. ஆனால் களைப்பு, ஆள் பற்றாக்குறை, மேலதிகாரிகளின் கெடுபிடி என்று பழையவர்கள் சொன்ன அதே குறைகளைச் சொல்லி 1987இல் வாக்களித்துத் தங்களுக்கென ஒரு சங்கத்தை அமைத்துக்கொண்டார்கள். பாஸ்டனின் 1,117 பேரில் யாரையும் நகரம் திரும்ப எடுக்கவில்லை. நீக்கப்பட்ட கட்டுப்பாட்டாளர்களை மறுபடி வேலைக்கு எடுக்கக் கூடாது என்ற தடையை 1993 ஆகஸ்டில் அதிபர் கிளின்டன் நீக்கினார். அப்போது விண்ணப்பித்தவர்களில் சிறு பகுதியினரே வேலைக்குத் திரும்பினார்கள். அவர்கள் போய் உட்கார்ந்த இடத்தில், ஒருகாலத்தில் தங்கள் வேலையை எடுத்துக்கொண்டவர்கள் கட்டிய சங்கம் இருந்தது.