வியாழனின் பிளாஸ்மா வளையம்: ஒளிவழி அறியப்பட்ட வரலாறு

முன்னுரை

வியாழனின் துணைக்கோளான அயோவின் சுற்றுப்பாதையை ஒட்டிக் கந்தக, ஆக்சிசன் அயனிகளாலான வெம்மைமிக்க பிளாஸ்மா வளையம் ஒன்று அமைந்துள்ளது. 1979இல் வாயேஜர் 1 விண்கலமே இதனைக் கண்டறிந்தது எனச் சுருக்கிக் கூறுவதுண்டு. அக்கூற்று முழுமையானதன்று என்பதை நிறமாலைச் சான்றுகளின் கால வரிசைகொண்டு நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தரைத் தொலைநோக்கிச் சான்றுகள்

அயோவிலிருந்து சோடியத்தின் மஞ்சள் ஒளி வெளிப்படுவதை இராபர்ட் பிரௌன் 1974இல் அறிவித்தார். ஆயினும் அது மின்னூட்டமற்ற அணுக்களின் ஒளியே, பிளாஸ்மாவின் ஒளியன்று. 1976இல் இசுரேலிய ஆய்வாளர்களான கூப்போ, மெக்லர், எவியாட்டார் ஆகியோர் 6716, 6731 ஆங்ஸ்ட்ராம் அலைநீளங்களில் கந்தக அயனியின் செந்நிற வரிகளைப் பதிவு செய்தனர். பிளாஸ்மாவுக்கான நேரடி ஒளிச்சான்று இதுவேயாகும்.

இவ்விரு வரிகளின் செறிவு விகிதம் எலக்ட்ரான் அடர்த்தியைப் பொறுத்து மாறுவது. அடர்த்தி மிகும்போது, கிளர்வுற்ற அயனிகள் ஒளியை உமிழும் முன்னரே மோதல்களால் ஆற்றலை இழக்கின்றன. இவ்விழப்பு 6716 வரியையே மிகுதியாகக் குன்றச் செய்கிறது. ஆகவே, விண்கலம் அவ்விடத்தை நெருங்கி அளக்குமுன்பே அடர்த்தியை மதிப்பிட முடிந்தது. எனினும், கந்தகம் எங்கிருந்து வந்தது என்னும் வினாவுக்கு ஒளி விடை தரவில்லை. ஆற்றல்மிகு துகள்கள் அயோவின் மேற்பரப்பில் மோதி அணுக்களைப் பெயர்க்கின்றன என்ற கருதுகோள் அன்று நிலவியது.

வாயேஜர் தந்த விடை

1979 மார்ச் 5 அன்று வாயேஜர் 1 வளையத்தினூடே கடந்தது. அதன் புறஊதா நிறமாலைமானி பன்மடங்கு அயனியாக்கம் பெற்ற கந்தகத்தின் வலிமையான ஒளிர்வைப் பதிவு செய்தது. உமிழப்பட்ட திறன் ஏறத்தாழ 2 இலட்சம் கோடி வாட். எலக்ட்ரான் வெப்பநிலை ஏறத்தாழ 1 இலட்சம் கெல்வின் எனக் கணிக்கப்பட்டது. மார்ச் 8 அன்று எடுக்கப்பட்ட படத்தில் இலிண்டா மொராபிட்டோ எரிமலைப் பீறலைக் கண்டார். அயோவின் உட்பகுதி ஓத விசையால் உருகியிருக்கும் என்னும் பீல், காசன், இரெனால்ட்சு ஆகியோரின் கணிப்பு மார்ச் 2 அன்றே வெளியாகியிருந்தது. எரிமலைகள் வெளியேற்றும் கந்தக டைஆக்சைடே வளையத்தின் மூலப்பொருள் என்பது இவற்றால் தெளிவாயிற்று.

முடிவுரை

தனிமம், அடர்த்தி, வெப்பநிலை ஆகியவற்றை ஒளி உணர்த்தும். பொருளின் தோற்றுவாயைத் தனித்து உணர்த்தாது. வளையத்தின் இருப்பைத் தரைநோக்கர்களும், அதன் ஆற்றலையும் மூலத்தையும் வாயேஜரும் வெளிப்படுத்தினர் எனப் பிரித்துரைப்பதே வரலாற்றுக்குப் பொருந்துவதாகும். 2013இல் ஏவப்பட்ட சப்பானின் இசாக்கி விண்தொலைநோக்கி, புவியைச் சுற்றியவாறே இவ்வளையத்தின் புறஊதா ஒளியைத் தொடர்ந்து நோக்கியமை, 1976இல் தொடங்கிய தொலைநோக்கு மரபின் நீட்சியே எனலாம்.