அயர்ந்தவரும் அசந்தவரும்

"சாப்ட்டு கொஞ்ச நேரம் அசந்துட்டேன்." 1964இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள வீடுகளில், ஷிப்டு முடித்து வந்தவர்கள் வாயில் சாதாரணமாகக் கேட்கும் பேச்சு இது. ‘அசந்து’ என்பதைக் கொச்சை என்று தள்ளுவோர் உண்டு. அது ‘அயர்ந்து’தான். உயரம் ஒசரமாகவும் முயல் மொசலாகவும் உயிர் உசுராகவும் ஆன அதே வழியில் யகரம் சகரமாயிற்று.

அயர்தல் பழஞ்சொல். சங்கப் பாடல்களில் விழா அயர்வார்கள், விருந்து அயர்வார்கள், வேலன் வெறி அயர்வான். ஈடுபட்டுச் செய்தல் என்று பொருள். சோர்தல், தன்னை மறத்தல் என்ற பொருள்களும் இதே சொல்லுக்கு உண்டு. தமிழ்ப் பேரகராதி எல்லாவற்றையும் தருகிறது. மனம் ஒன்றிச் செய்கிறவர்தானே தம்மை மறப்பார், களைப்பார்? ‘கண்’ வந்து சேர்ந்ததும் கண்ணயர்தல் என்ற அழகான சொல் கிடைத்தது.

இன்றோ எதிர்மறையில்தான் இச்சொல்லுக்கு மரியாதை. சுவரொட்டியிலும் பிரிவுபசார மடலிலும் ‘அயராது உழைத்தவர்’ என்கிறோம். மதியம் அயர்ந்தவருக்குச் சோம்பேறிப் பட்டம். இது அநியாயம். பூவிருந்தவல்லி வரதராசப் பெருமாள் கோயிலில்கூட உச்சிப்பொழுதோடு நடை சாத்துகிறார்கள்.

பிற்பகலில் விழிப்பு மங்குவது உடற்கடிகாரத்தின் இயல்பு. சாப்பாடு அதைக் கூட்டலாம், ஆனால் அது மட்டுமே காரணமன்று. அந்நேரத்தில் கண்ணயர்வது பயன் தரும் என்பதற்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. குறைந்த வருவாயுள்ள 452 பேரைக் கணினியில் தரவு பதியும் வேலையில் அமர்த்திப் பொருளியல் அறிஞர்கள் நடத்திய ஆய்வு 2021இல் வெளிவந்தது. வேலைக்கு அமர்ந்தவர்கள் இரவில் தூங்கியது சராசரியாக ஐந்தரை மணி நேரமே. அதைக் கிட்டத்தட்ட அரை மணி நீட்டியும் வேலையில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. பணியிடத்தில் மதியம் குட்டித் தூக்கம் போட்டவர்களுக்கோ வேலைத்திறனும் கவனமும் மனநலமும் கூடின. தூங்கிய நேரம் வேலை நேரத்தில் குறைந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. அந்த இழப்பைக் கூலிக்காரர் தலையில் கட்டுவது நியாயமில்லை.

150 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஓய்வறை வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே விதித்தது. அம்பத்தூர், ஆவடி ஆலை நிர்வாகத்தாரே, அந்த அறையில் பாய் விரியுங்கள். கூலி பிடிக்காமல் அரை மணி கொடுங்கள்.